பசு கால் வைத்த தரை

பசு நடுக்கூடத்துக்கு வந்து முன்னங்காலை ஊன்றியது. டப்பென்று ஒரு சத்தம். தேங்காய் உடைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அய்யர் முன்னால் தேங்காய் முழுசாக இருக்கிறது. பசுதான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அதன் வலது முன்னங்கால் முழங்கால் வரைக்கும் தரைக்குள் இருந்தது.

புது வீடு அது. அன்றைக்குத்தான் பால் காய்ச்சுகிறோம். பளபளவென்று டைல்ஸ் பதித்து, அதன்மேல் நானே குனிந்து மாக்கோலம் போட்ட தரை. அந்தத் தரைக்குள் மாட்டின் கால்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த குங்குமச் சிமிழ் எங்கே விழுந்தது என்று இன்றைக்கு வரை தெரியாது. 

மாட்டின் கயிற்றைப் பிடித்திருந்தவள் என் மருமகள். கல்யாணமாகித் தாலி பிரித்துக் கோத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அவளைக் கயிறு பிடிக்கச் சொன்னது நான்தான். மாட்டுக்காரர் எவ்வளவோ இழுத்தும் பசு வாசலைத் தாண்டவில்லை. வழுவழுப்பான தரையைக் கண்டு மிரண்டு நின்றது. மருமகளுக்குப் பிறந்த ஊர் திருவாதவூர். விவசாயக் குடும்பம், மாடு கன்றோடு வளர்ந்தவள். “நீ போய்க் கூப்புடு தாயி, உம் பேச்சக் கேக்கும்” என்றேன். அவள் போய்க் கழுத்தைத் தடவி, காதுக்குள் ஏதோ சொன்னாள். அது நாய்க்குட்டி மாதிரி அவள் பின்னாலேயே வந்தது. அப்படி நம்பி வந்த மாட்டுக்குத்தான் இந்தக் கதி.

கூடத்தில் நின்ற அத்தனை பேரும் மரமாகிப் போனோம். மருமகள் ஒருத்திதான் அசைந்தாள். பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, மாட்டின் முகத்தைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டு, “யாரும் இழுக்காதீங்க! கால் ஒடிஞ்சு போகும்!” என்று கத்தினாள். மாட்டுக்காரரிடம் சொல்லி ஓட்டையைச் சுற்றி உடைந்து நின்ற டைல்ஸைக் கையாலேயே பெயர்த்தெடுக்க வைத்தாள். பிறகு அந்தக் காலை மெல்லத் தூக்கி வெளியே வைத்தாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தோல் உரிந்து ரத்தம் கொட்டியது. என் மாக்கோலத்தின் மேல் ரத்தம். வாசலில் கட்டியிருந்த கன்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

நாங்கள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிம்மக்கல்லில் எங்களுக்குப் பாத்திரக்கடை. சரக்கு எடுப்பது, அனுப்புவது எங்கள் வீட்டுக்காரர் பாடு. கல்லாவில் உட்காருவது நான். என் வாயைப் பற்றி அந்தத் தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் சொல்வார்கள். கடைக்குப் பின்னால் ஒரு சந்தில், வெயில் எட்டிப் பார்க்காத வாடகை வீட்டில் காலம் போனது. மகனுக்குக் கல்யாணம் பேசும்போதுதான், சொந்தமாக ஒரு வீடு கட்டிவிடுவோம் என்று முடிவு செய்தோம். ஒத்தக்கடை தாண்டி உள்ளே போனால் வயலை மேடாக்கிப் பிரித்த மனைகள். அதில் ஒன்று எங்களுடையது.

கட்டித் தந்தவர் என் நாத்தனார் சொல்லி வந்த பில்டர். அவள் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை. எப்போது பார்த்தாலும் வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, வாய் நிறைய “அக்கா.” சொந்தக்காரர் என்றால் நாம் என்ன செய்வோம்? எதையும் துருவிக் கேட்க மாட்டோம். கேட்டால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று வாயைக் கட்டிக்கொள்வோம். கடைக்கு வருகிறவன் ஒரு டம்ளர் எடுத்தால்கூட நெளிசல் பார்த்து எடுக்கச் சொல்கிற நான், வீட்டை அவர் கையில் அப்படியே விட்டேன். அஸ்திவாரம் எழுப்பி உள்ளே மண் நிரப்பியது போன வருஷம் சித்திரையில். அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம். அந்த நாட்களில் சிம்மக்கல்லில் கடை வைத்திருக்கிறவர் கடையை விட்டு இறங்க முடியுமா? “நீங்க யாவாரத்தப் பாருங்கக்கா, மண்ணத்தான தள்ளப் போறோம், அதுல பாக்க என்ன இருக்கு?” என்றார். நானும் சரி என்றேன்.

வைகாசியில் கடைசி முகூர்த்தத்தை விட்டால் அப்புறம் ஆவணிதான் என்று ஜோசியர் சொன்னார். முடியுமா தம்பி என்று பில்டரைக் கேட்டதற்கு, “முடிச்சுச் சாவியக் கையில குடுக்கிறேன்க்கா” என்றார். சொன்னபடி கொடுக்கவும் செய்தார். அதில் குறை சொல்ல மாட்டேன்.

மாட்டின் காலை எடுத்த பிறகு எல்லோரும் அவரைத்தான் பார்த்தோம். பால் காய்ச்சுகிற அன்றைக்கு வீடு கட்டியவருக்கு மரியாதை செய்கிற வழக்கம் உண்டு இல்லையா? அதற்காக வேட்டி, துண்டு, பழம், வெற்றிலை எல்லாம் ஒரு தாம்பாளத்தில் தயாராக இருந்தது. அவர் அந்தத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஓட்டையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“எம்புட்டோ வீடு கட்டிருக்கேன்க்கா” என்றார். “ஒரு வீட்டுல இப்பிடி நடந்ததில்ல. ஒண்ணு மண்ணுல தோஷம் இருக்கணும். இல்லாட்டி வந்த கால்ல இருக்கணும்.”

அடப் பாவி! என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. அதைவிட அதிர்ச்சி அடுத்ததுதான். அவர் அதைச் சொல்லி முடித்ததும் கூடத்தில் இருந்த அத்தனை கண்ணும் கீழே இறங்கின. ஓட்டைக்கு இல்லை. என் மருமகளின் காலுக்கு. புது மெட்டி போட்ட, மாட்டு ரத்தம் படிந்த இரண்டு கால்கள். அவள் அதைக் கண்டுகொண்டாள். சத்தமே இல்லாமல் பாதத்தைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

என் நாத்தனார் பெருமூச்சு விட்டாள். “முத விசேஷத்துலயே இப்பிடியா மதினி…” என்றாள். அவள் யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று கேட்க வேண்டியதே இல்லை.

“நேரம் தாண்டறது, பாலைக் காய்ச்சுங்கோ” என்று அய்யர் அவசரப்படுத்தினார். பால் பொங்கியது. ஒரு பொம்பளை குலவை போடவில்லை. நான் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படி மேடையில் வைத்துவிட்டேன். பந்தியில் உட்கார்ந்தவர்கள் கேசரியைத் தொட்டும் தொடாமலும் எழுந்தார்கள். அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்காமல் திரும்பவும் சிம்மக்கல் சந்துக்கே வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. வீட்டுத் தரை உடைந்ததைப் பற்றி ஒருத்தராவது பேச வேண்டுமே! போன் மேல் போன். “மாடு ரத்தம் சிந்துச்சாமே?” “மருமகப்புள்ள கையிலயா கயிறு இருந்துச்சு?” நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டாள். “மதினி, தப்பா நெனைக்காதீங்க. அந்தப் புள்ள ஜாதகத்த இன்னொருக்கா வேற ஆள்ட்ட காட்டுங்க.” நான் அவளைக் கிழிகிழியென்று கிழித்தேன். ஜாதகமாம் ஜாதகம், மாட்டோட ஜாதகத்தயும் சேத்துக் கொண்டுபோய்க் காட்டவா என்று கேட்டேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் போன பிறகு பீரோவைத் திறந்து, கல்யாணத்துக்கு வந்த ஜாதகத்தை எடுத்து ஒரு பார்வை பார்த்தேன். சும்மாதான் எடுத்தேன். திரும்பினால் மருமகள் காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். “ஆறிப்போகும் அத்தே” என்று வைத்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நாளில் இன்னொன்றையும் கவனித்தேன். காலையில் நாங்கள் கடைக்குக் கிளம்புகிற நேரத்தில் அவள் கண்ணிலேயே படுவதில்லை. ஒருநாள் செருப்பை மாட்டிவிட்டு எதையோ மறந்து உள்ளே திரும்பினேன். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நிற்கிறாள். “என்னத்தா இங்க நிக்கிற?” என்றேன். “பால் பொங்குது அத்தே” என்றாள். அடுப்பில் பாலே இல்லை. நாங்கள் தொழிலுக்குக் கிளம்பும்போது அவள் முகத்தில் முழிக்கக் கூடாதாம். அவளாகவே ஒளிந்துகொள்கிறாள்.

அன்றைக்கே வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு புது வீட்டுக்குப் போனேன். அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டேன். கீழே போனது. பக்கவாட்டில் விட்டேன். அங்கேயும் போனது. முழங்கை வரைக்கும் போய், தோள் வரைக்கும் போய், இன்னும் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. டைல்ஸுக்கு அடியில் வெறும் பள்ளம். மேலே போட்டிருந்த கான்கிரீட் ஒரு மெதுவடைக் கனம்கூட இல்லை.

எங்கள் தொழிலில் பாத்திரத்தைச் சுண்டிப் பார்ப்போம். நல்ல குடம் ணங்கென்று பேசும். கீறல் விட்டது தொப்பென்று வாயை மூடிக்கொள்ளும். நான் அப்படியே புடவையைச் செருகிக்கொண்டு கூடம் முழுக்கத் தவழ்ந்து, விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன்.

“கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?” என்றார் வீட்டுக்காரர்.

“காதத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க” என்றேன்.

தொப். தொப். தொப். கூடம் தொப். மகன் படுக்கிற அறை தொப். அடுப்படியில் ஒரு மூலை மட்டும் ணங். சாமி அறையில் தட்டினேன். அங்கேயும் தொப். எங்கள் வீட்டுக்காரர் நடுக்கூடத்தில் நின்றவர் மெல்ல மெல்லச் சுவரோரமாக நகர்ந்து போய் நின்றுகொண்டார். மாடு அன்றைக்கு அந்த இடத்தில் கால் வைக்காமல் இருந்திருந்தால் நாங்கள் கட்டிலையும் பீரோவையும் இந்தத் தரைமேல்தானே போட்டிருப்போம்? நாளைக்கு என் பேரப்பிள்ளை தவழப் போகிற தரையாகத்தானே இது இருந்திருக்கும்?

பில்டரைச் சிம்மக்கல் வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தார். தட்டிப் பார்த்ததைச் சொன்னேன். கையை விட்டுப் பார்த்ததைச் சொன்னேன். அவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்பி வருகிற வரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“அக்கா, ஒண்ணு செய்வோம். நீங்க அந்த வீட்டுல ஒரு பரிகார பூஜை வையுங்க, அம்புட்டும் என் பொறுப்பு. பூஜை முடிஞ்ச கையோட தரைய முழுசாப் பேத்துட்டுப் புதுசாப் போட்டுத் தாரேன். ஒங்களுக்கு ஒத்தப் பைசா செலவில்ல. ஆனா வெளிய பேச்சு வேற மாதிரி இருக்கணும். தோஷம் இருந்துச்சு, கழிச்சாச்சு. அதான் பேச்சு. அந்த நகர்ல நான் கட்டுன வீடு இன்னும் விக்காம நிக்குது. வேலை சரியில்லைன்னு வெளிய போச்சுன்னா என் பொழப்பே போயிரும்.”

“அப்ப என் மருமக?” என்றேன்.

“அதுக்கு நான் என்னக்கா செய்ய முடியும்? நாலு நாளைக்குப் பேசுவாங்க. தன்னால அடங்கிரும்.”

என் ரத்தம் கொதித்தது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் வீட்டுக்காரர், “அவர் சொல்றதும் ஒரு வழிதான்” என்றார். சரி, அவர் எப்போதும் அப்படித்தான், சண்டை என்றாலே காததூரம் ஓடுகிற மனிதர். நான் என் மகனைப் பார்த்தேன். கட்டிய பெண்டாட்டிக்காக அவன் பேசுவான் என்று பார்த்தேன்.

“ஒத்துக்கிருவோம்மா” என்றான் என் மகன். “யாரோ என்னமோ சொல்லிட்டுப் போறாங்க. நமக்கு வீடு சரியானாப் போதும். அவட்ட நான் பேசிக்கிறேன்.”

ஐயோ! நான் பெற்ற பிள்ளை. எனக்குப் பகீரென்றது. தரை இடிந்ததுகூட எனக்கு அப்படி இல்லை. இவன் இடிந்து விழுந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அவள் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். காலி டம்ளரை எடுக்க வந்தவள். ஒவ்வொரு டம்ளராக எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில், “அம்மாவப் பாத்துட்டு வாரேன் அத்தே” என்றாள். எப்போ வருவே என்று கேட்டேன். “பாத்துட்டுத்தான்” என்றாள். கையில் இருந்தது ஒரு நாள் தங்கப் போகிறவள் தூக்குகிற பை இல்லை. கல்யாணத்துக்கு அவள் வீட்டில் வாங்கிக் கொடுத்த பெரிய பெட்டி. மகன் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று பின்னாலேயே போனான். அவள் ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போய்விட்டாள்.

ஒரு வாரம் ஓடியது. வரவில்லை. மகன் திருவாதவூருக்குப் போய் வந்தான். போன வேகத்திலேயே திரும்பினான். “மூஞ்சியவே பாக்க மாட்டேங்குறாம்மா” என்றான். ஏன் பார்ப்பாள்? நானாக இருந்தால் வாசலிலேயே விரட்டியிருப்பேன். தரையைச் சரி பண்ண ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் பேரை யார் சரி பண்ணுவது? அது நடக்காவிட்டால் அவள் இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டாள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. திரும்பினாலும் கதவுக்குப் பின்னால்தான் நிற்பாள்.

பில்டருக்கு நானே போன் போட்டேன். “தம்பி, நீ சொன்னபடியே பூஜை வச்சிருவோம்” என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அன்றைக்குப் பால் காய்ச்சியபோது யார் யார் வந்திருந்தார்களோ, ஒருத்தர் விடாமல் கூப்பிட்டேன். நாத்தனாரை இரண்டு முறை கூப்பிட்டேன். சம்பந்தி வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. அவர்கள் இதையும் வந்து நின்று பார்க்க வேண்டாம்.

அந்த நாளும் வந்தது. எல்லோரும் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பில்டர் கை நிறையப் பூவும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு வந்தார். நான் விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்ந்தேன்.

“தோஷம் எங்க இருக்குன்னு சொன்ன தம்பி? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு.”

“மண்ணுலதான்க்கா” என்றார்.

“அப்ப மண்ண எடுத்தாத் தோஷம் போயிரும்ல?”

அவர் பதில் சொல்வதற்குள், பக்கத்து மனையில் வேலை செய்துகொண்டிருந்த ஆட்களில் நான் சொல்லி வைத்திருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டேன். கடப்பாரையோடு வந்தார்கள். “சாமி ரூம்ல இருந்து ஆரம்பிங்கண்ணே” என்றேன்.

“அக்கா, பூஜை முடியட்டும், இப்ப எதுக்கு…” என்று பில்டர் எழுந்தார்.

“இதான்டா பூஜை. உக்காரு” என்றேன். அதுவரை அவரை ஒருமுறைகூட டா போட்டுப் பேசியதில்லை.

ஓங்கிப் போடவே வேண்டியிருக்கவில்லை. கடப்பாரையை வைத்து நெம்பியதுமே டைல்ஸோடு சேர்ந்து கான்கிரீட்டும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அடியில் பள்ளம். பள்ளத்துக்கு அடியில் கட்டி கட்டியாகக் களிமண். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய வயல் மண்ணையே தண்ணீர்கூட விடாமல் உள்ளே தள்ளியிருக்கிறார்கள். காய்ந்து சுருங்கி அது கீழே இறங்கிவிட்டது. அந்த மண்ணோடு காலி சிமெண்ட் சாக்குகள் வந்தன. பரோட்டா மடித்த இலை, பாலித்தீன் பை, உடைந்த செங்கல். பிறகு குவார்ட்டர் பாட்டில் ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. உள்ளே இறங்கி நின்ற ஆள் குனிந்து எதையோ இழுத்தார். வரவில்லை. பலம் கொடுத்து இழுத்து மேலே போட்டார். ரப்பர் செருப்பு. அறுந்து போன ஒற்றைச் செருப்பு.

காமாட்சி விளக்கும், முருகன் படமும், பிள்ளையாரும் வைத்த இடத்துக்கு நேர் கீழே! நான் களிமண்ணைத்தான் எதிர்பார்த்தேன். இதை எதிர்பார்க்கவில்லை.

“சாமிக்கு அடியில செருப்பா!” என்று அலறியது என் நாத்தனார்தான். கன்னத்தில் படபடவென்று போட்டுக்கொண்டாள். “அடக் கிரகமே! கொழுந்தனாரே, நீங்க நல்லா இருப்பீகளா? உங்களப் போய் நான் கை காட்டுனேனே! பாட்டிலு வேறயா!” உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். ஆளாளுக்கு வசவு. பார்க்க வேண்டுமே அதை! தரைக்கடியில் ஆள் படுக்கிற அளவுக்குப் பள்ளம் இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வடைக்கனக் கான்கிரீட்டைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு அறுந்த செருப்பு வந்து அவர்கள் வாயையெல்லாம் என் பக்கம் திருப்பியது. சரி, எதுவோ திருப்பட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

“மண்ணு தள்ளுன பயலுக போட்டதுக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது” என்றார் பில்டர். வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

“மண்ண அடுக்கு அடுக்காப் போட்டுத் தண்ணி விட்டுத் திம்சுக்கட்டையால இடிச்சியா?”

அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

“அன்னைக்கு எல்லாரும் இருக்கும்போது ஒரு வார்த்த சொன்னேல்ல, வந்த கால்ல குத்தம்னு. இப்பவும் எல்லாரும் இருக்காக. சொல்லு. வந்த கால்லயா குத்தம்?”

“இல்லக்கா.”

“யாரு காதுலயும் விழல.”

“வந்த கால்ல குத்தமில்ல. என் வேலைலதான் குத்தம்” என்றார். சொல்லிவிட்டு, வாங்கி வந்த எலுமிச்சம்பழப் பையை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினார். மூலையில் நின்று என் மகன் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். நான் சொல்லிச் செய்யவில்லை, அவனாகவே செய்தான். அன்றைக்கே அவளுக்கு அனுப்பிவிட்டான். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.

ஆடி முழுவதும் வேலை நடந்தது. கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நான் அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பழைய மண்ணை ஒரு சட்டி விடாமல் அள்ளிக் கொட்டினார்கள். கிராவல் வந்து இறங்கியது. ஒரு அடுக்கு மண், தண்ணீர், அதன்மேல் திம்சு. திம்சுக்கட்டை விழுகிற சத்தம் காதுக்குள்ளேயே தங்கிப்போய், ராத்திரி படுத்தாலும் கேட்டது. பில்டர் தினமும் வந்தார். அக்கா என்று கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார். டைல்ஸ் பதித்து முடித்ததும் நான் பழையபடி தவழ்ந்து தவழ்ந்து வீடு முழுக்கத் தட்டினேன். எல்லா இடத்திலும் ணங்.

ஆவணியில் நாள் பார்த்துவிட்டு, மருமகளைக் கூப்பிடத் திருவாதவூருக்கு நானே போனேன். சம்பந்தியம்மா மோர் கொடுத்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். செருப்பு வந்ததைச் சொல்லும்போது சம்பந்தியம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டார். மருமகள் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. தொழுவத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். “நீங்க போங்க அத்தே. அன்னைக்குக் காலைல வாரேன்” என்றாள். என் மகனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சொன்னபடி வந்தாள். அவள் அப்பாவின் வண்டியில் வந்து இறங்கி, வாசலுக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டாள். அதே மாட்டுக்காரர், அதே பசு. முன்னங்காலில் முடி முளைக்காத ஒரு தழும்பு. “கயிறப் புடிக்கிறியா தாயி?” என்று கேட்டேன். “அவரே புடிக்கட்டும்” என்றாள். பசு இந்த முறையும் வாசலில் தயங்கியது. அப்புறம் ஏறியது. கூடத்துக்குள் அதன் குளம்புச் சத்தம் கேட்கும்போது என் உயிர் என்னிடத்தில் இல்லை. பழைய இடத்தைத் தாண்டிச் சாமி அறை வரைக்கும் போய், சாணம் போட்டுவிட்டு, அசால்ட்டாக நின்றது. குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. பில்டருக்கென்று முதல் தடவை எடுத்து வைத்த வேட்டி துண்டைத் தாம்பாளத்தோடு மாட்டுக்காரர் கையில் கொடுத்தேன்.

எல்லோரும் உள்ளே வந்தாகிவிட்டது. மருமகள் மட்டும் இன்னும் வெளியே நின்றாள். நான் ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் பேரை ஊரறிய மீட்டுக்கொண்டு வந்துவிட்டேன் பார் என்கிற பெருமை.

“வா தாயி. வலது கால எடுத்து வச்சு வா” என்றேன்.

அவள் படிக்கட்டுக்குக் கீழேயே நின்றாள். உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

“அத்தே, அன்னைக்குத் தோண்டிப் பாத்தப்ப கீழ மண்ணு நல்லா இருந்திருந்தா?”

“என்னத்தா சொல்ற?”

“தண்ணி விட்டு, திம்சு போட்டு, எல்லாம் ஒழுங்கா இருந்து, மாட்டுக் காலு சும்மா வழுக்கி அடிபட்டிருந்தா? அப்ப எம்மேலதான குத்தம்?”

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள். சிம்மக்கல்லில் என் வாய்க்குப் பயந்து எதிர்க்கடைக்காரர் வேறு பக்கம் சுற்றிப் போவார். அந்த வாயில் ஒரு சொல் வரவில்லை. பீரோ முன்னால் நான் நின்றதும், அவள் காப்பியோடு வந்து நின்றதும் எதற்கு அந்த நேரத்தில் என் ஞாபகத்துக்கு வர வேண்டும்? ஆரத்தித் தட்டில் கற்பூரம் எரிந்து முடியப் போனது.

 அவள் புடவையை லேசாகத் தூக்கிக்கொண்டு, என்னைக் கடந்து உள்ளே போனாள். எந்தக் காலை முதலில் வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தேன். இடது கால்.